துர்கானாவில் எண்ணெய் கிடைத்தது, அப்புறம்?

எந்த ஊரிலாவது எண்ணெய் கிடைத்ததாகச் செய்தி வந்தால் உடனே 'அந்த ஊருக்கு யோகம் அடிச்சிருச்சு' என்று எழுதுகிறார்கள். மும்பையில் இருக்கும் நமக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். செம்பூரில் இருந்தால் மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகளைத் தெரியும், எண்ணெய் எடுக்கும் நிலம் தெரியாது. 1974இல் இங்கே எண்ணெய் கிடைத்தது நடுக்கடலில். நான் திருவாரூர்ப் பக்கம் பிறந்தவள், வயலுக்கு நடுவே எண்ணெய்க் கிணறு நிற்கும் ஊர்கள் அவை. அதனால் சொல்கிறேன், எண்ணெய் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே அதன் பாதிப்பு ஊருக்குள் வந்துவிடுகிறது.

உதாரணத்துக்கு, ஆப்பிரிக்காவில் கென்யாவின் வடமேற்கே இருக்கும் துர்கானா மாவட்டம். வறண்ட பூமி, ஆடும் ஒட்டகமும் மேய்த்துப் பிழைக்கிறவர்கள். 2012 மார்ச்சில் அங்கே எண்ணெய் இருப்பதாக அதிபர் கிபாகி அறிவித்தார், தோண்டியது டல்லோ என்ற கம்பெனி. மறு வருஷமே வேலையும் ஒப்பந்தமும் வெளியாட்களுக்குப் போகிறது என்று மக்கள் போராட, கம்பெனி கொஞ்ச காலம் வேலையை நிறுத்தியது. 2018 ஜூனில் சோதனை முயற்சியாக மொம்பாசா துறைமுகத்துக்கு லாரிகளில் எண்ணெய் கிளம்பியது. அதே மாதம் மக்கள் லாரிகளை மறித்தார்கள். ஆடுமாடு கொள்ளையடிக்கும் கும்பல்களிடமிருந்து எங்களுக்குப் பாதுகாப்பு கொடுங்கள் என்பதுதான் முக்கியக் கோரிக்கை. எண்ணெய் லாரிக்குக் காவல் உண்டு, மேய்க்கிறவனுக்கு இல்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

2019 ஆகஸ்டில் முதல் கப்பல், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பீப்பாய்களோடு போனது. 2020இல் அந்தச் சோதனை ஏற்பாடே நின்றுபோனது. 2023இல் டல்லோவின் கூட்டாளிக் கம்பெனிகள் இரண்டு விலகின, 2025இல் டல்லோவும் தன் பங்கை கல்ஃப் எனர்ஜி என்ற கம்பெனிக்கு விற்றுவிட்டது. இதற்கு நடுவில் 2019இல் ஒரு சட்டம்: அரசுக்கு வரும் லாபத்தில் 75 சதவீதம் மத்திய அரசுக்கு, 20 மாவட்டத்துக்கு, 5 அந்த ஊர் மக்களுக்கு. முதலில் மக்களுக்கு 10 என்று பேச்சு இருந்தது, அதைக் குறைத்தார்கள். சரி, 5 என்றே வைத்துக்கொள்வோம். வராத எண்ணெயில் 5 சதவீதம் என்றால் கையில் என்ன நிற்கும்?

துர்கானா எண்ணெயில் மெழுகு அதிகம், சூடு குறைந்தால் உறைந்துவிடும். ராஜஸ்தான் பார்மேரிலும் இதே சிக்கல்தான். அங்கே 2004இல் கண்டுபிடித்து, 2009இல் எடுக்க ஆரம்பித்து, குஜராத் வரை சூடாக்கும் குழாய் போட்டுவிட்டார்கள். துர்கானாவிலிருந்து லாமு துறைமுகத்துக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் போட வேண்டும், அது போடாமலே கிடக்கிறது. குழாய்க்குப் பணம் போடுகிறவர்கள் கணக்குப் பார்த்துப் பின்வாங்கலாம். மேய்ச்சல் நிலத்தில் வேலி போட்டது போட்டதுதான், படிப்பை விட்டுவிட்டுக் கம்பெனி வேலைக்குக் காத்திருந்த பையனுக்குப் போன வருஷங்கள் போனதுதான்.

நம் டெல்டாவிலும் 2017இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து, ஜனங்கள் தெருவுக்கு வந்து, கைதாகி, அப்புறம் 2020இல்தான் வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுவும் புதுக் கிணறுகளைத்தான் தடுக்கும், பழையவை அப்படியே ஓடும்.

லாபத்தில் பங்கு என்ற பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். நிலத்தில் ஆய்வு வண்டி இறங்கும் நாளிலிருந்தே வாடகை கொடுக்கணும், எந்தக் கிணற்றுத் தண்ணீரை யார் எவ்வளவு எடுப்பது, மந்தை போகும் வழி எது, வேலை நின்றால் நிலத்தை யார் சரிசெய்வது, எல்லாம் எழுத்தில் வரணும். துர்கானாவில் கம்பெனி கைமாறியிருக்கிற இந்த நேரத்திலாவது, அடுத்த பீப்பாய் வெளியே போவதற்கு முன், அந்த மக்களை உட்காரவைத்து இதைப் பேசி முடிக்கட்டும்.