டார்க் அட்டவணையை நம்பி போல்ட் முறுக்க வேண்டாம்

"ஏ325 போல்ட்டுக்கு (எஃகுக் கட்டுமானத்தின் அதிவலிமை போல்ட்) அட்டவணையில் உள்ள டார்க், அதாவது முறுக்குவிசை, வந்துவிட்டால் போல்ட்டின் இழுவிசை சரி" என்கிறீர்கள். இது தவறு, ஆபத்தானதும்கூட. ரெஞ்ச் காட்டுவது முறுக்குவிசையை. அதில் பெரும்பகுதி உராய்வுக்கே போய்விடும். போல்ட்டை நீட்டுவது சுமார் பத்தில் ஒரு பங்குதான். மழையில் நனைந்து துரு ஏறிய நட் கீச்சென்று இறுகி, ரெஞ்ச் 'க்ளிக்' என்றாலும் உள்ளே போல்ட் தளர்வாகவே இருக்கும். மரையில் எண்ணெய் பட்டிருந்தால் அதே எண்ணில் அளவுக்கு மீறி இழுபடும்.

அதனால்தான் அமெரிக்காவின் ஆர்சிஎஸ்சி (கட்டுமான இணைப்புகளுக்கான ஆய்வுக் குழு) விதிமுறை, சோதித்து உறுதிசெய்யாத அட்டவணை டார்க்கை ஏற்பதில்லை. முக்கால் அங்குல விட்டமுள்ள ஏ325-க்கு 28 கிப் (28,000 பவுண்டு விசை, சுமார் 125 கிலோநியூட்டன்) இழுவிசையாவது வேண்டும். ரெஞ்ச்தான் கையில் இருக்கிறது என்றால், அன்றன்றைக்கு அதே போல்ட், நட், வாஷரை இழுவிசை அளவியில் போட்டு முறுக்கிப் பார்த்து எண்ணை எடுங்கள்.

எனக்குப் பிடித்தது நட்டைத் திருப்பும் முறை. முதலில் தகடுகள் எல்லாம் ஒட்டி உட்காரும்வரை இறுக்க வேண்டும். அப்புறம் நட்டிலும் போல்ட் முனையிலும் சேர்த்து ஒரு கோடு போட்டு, போல்ட்டின் தலை சுற்றாமல் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள்: முக்கால் அங்குல போல்ட்டுக்கு, மூன்று அங்குல நீளம் வரை மூன்றில் ஒரு சுற்று, ஆறு அங்குலம் வரை அரைச் சுற்று.