கபாலியைக் கெடுத்தது அந்த ஒரு வரியா?
2016-இல் வந்த 'கபாலி'யின் முடிவில், கபாலி போலீசில் சரணடைந்ததாக மலேசியாவுக்கு மட்டும் எழுத்துப் போட்டதுதான் படத்தைக் கெடுத்தது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. அது ஒட்டுப்போட்ட வரிதான். துப்பாக்கிச் சத்தத்தோடு முடிந்த கதைக்கு அது எதற்கு? ஆனால் படம் தொய்ந்தது அதற்கு வெகு முன்பே. பறவைக் கடையில் அடிதடிக்கு முன் ரஜினி காட்டும் நிதானம், மனைவியைத் தேடிப் புதுச்சேரி போகும் பகுதி, இவைதான் இயக்குநர் பா. ரஞ்சித்தின் படம். வில்லன் டோனி லீயின் கும்பல் வந்தாலே வேறு யாரோ எடுத்த மசாலா. வில்லனுக்குக் கோட்டு சூட்டைத் தவிர ஒன்றுமே எழுதவில்லை.

கோலாலம்பூர் தியேட்டர்களில் பார்ப்பவர்களுக்கு ஒன்று: தணிக்கை வெட்டு எங்கே என்று கண்டுபிடிக்கக் காதை நம்புங்கள். வசனமும் இசையும் கலந்து முடித்த பிரதியில் வெட்டினால் பின்னணி இசை தாளம் தப்பிக் குதிக்கும். ஒரு சொல்லை ஊமையாக்கினால் தெருச் சத்தமும் சேர்ந்தே போய்விடும், உதடு மட்டும் அசையும்.

நம் மலேசியக் குண்டர் கும்பல் கதைக்கு சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) பாருங்கள். அப்பாவின் பிரம்படிக்கும் கும்பலில் சேர்ந்த சித்தப்பாவின் பகட்டுக்கும் நடுவே சிறுவன் அப்போய். நடிப்பு சில இடங்களில் கரடுமுரடு, பரவாயில்லை. மலாய் அல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கியதால் சர்ச்சை வெடித்த 2016 மலேசியத் திரைப்பட விழாவில், சிறந்த மலேசியப் படம் இதுதான். கட்டுரையில் இதன் பெயரே காணோம்!