ஃபேக்டோரியோ விளையாடப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்

ஃபேக்டோரியோ என்ற கம்ப்யூட்டர் கேமை வாங்கியதும் நிறைய பேர் முதலில் திறப்பது யூடியூபைத்தான். மணிக்கணக்கில் பாடம் நடத்தும் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. யாரோ கட்டிய தொழிற்சாலையின் ப்ளூபிரிண்டை, அதாவது அதன் அமைப்பின் நகலை எடுத்து அப்படியே நம் கேமில் ஒட்டிக்கொள்ளவும் முடியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த கேமில் இருக்கிற நிஜமான சந்தோஷமே முட்டி மோதிக் கற்றுக்கொள்வதுதான்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: செக் நாட்டின் வூபே சாஃப்ட்வேர் உருவாக்கிய கேம் இது. 2020 ஆகஸ்டில் முழுமையாக வெளிவந்தது. விண்கலம் நொறுங்கி, முன்பின் தெரியாத கிரகத்தில் மாட்டிக்கொள்கிறீர்கள். ஒரு சுரங்க இயந்திரம், ஒரு கல் உலை, கிட்டத்தட்ட அவ்வளவுதான் கையில். அதிலிருந்து ஆரம்பித்து ராக்கெட் விடுகிற அளவுக்கு வளர வேண்டும். இரும்பைத் தோண்டி, உருக்கி, பல்சக்கரமாக்கி, கன்வேயர் பெல்ட்டில் ஏற்றி, எல்லாம் தானாக நடக்கும்படி கட்ட வேண்டும்.

வடசென்னைக்காரர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். திருவொற்றியூரில் நிற்கும் லாரிக்குத் திருவொற்றியூரில் ஒரு பிரச்சினையும் இல்லை, தாமதம் எங்கோ முன்னால். ஃபேக்டோரியோவில் பெல்ட் நிற்பதும் இப்படித்தான். நின்ற இடத்தில் காரணம் இருக்காது.

என் அக்கா பையன் பிளஸ் ஒன் படிக்கிறான், மணலியில் வீடு. மொட்டை மாடிக்குப் போனால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கியில் தீ எரிவது தெரியும். போன லீவில் அவன் கேமிலும் ஒரு ரிஃபைனரி கட்டினான். ஆரம்பத்தில் கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோலிய வாயு மட்டும்தான் வரும், சிக்கல் இல்லை. அடுத்த கட்டத்துக்குப் போனால் 100 பங்கு கச்சா எண்ணெய்க்கு கனரக எண்ணெய் 25, இலகு எண்ணெய் 45, வாயு 55 என்று மூன்றும் வரும். பிளாஸ்டிக் செய்ய அவனுக்கு வேண்டியது வாயு மட்டும். மற்ற இரண்டையும் டேங்கில் விட்டான். நன்றாக ஓடியது. அப்புறம் நின்றுவிட்டது.

"மாமா, கரண்ட் இருக்கு, கச்சா எண்ணெய் வருது, வாயு டேங்க் காலியா இருக்கு. ஏன் ஓடல?"

எனக்குக் காரணம் தெரியும். "நீயே பாருடா" என்று மட்டும் சொன்னேன்.

பைப்பைப் பிரித்துத் திரும்பப் போட்டான். ரிஃபைனரியைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தான். பக்கத்தில் இன்னொன்று வைத்தான், இரண்டும் சேர்ந்து நின்றன. கடைசியில் ஒவ்வொரு டேங்காகப் பார்த்துக்கொண்டே வந்தவன் இலகு எண்ணெய் டேங்கில் நின்றான். கொள்ளளவு 25,000, சொட்டு இடமில்லை. மூன்றில் ஒன்றுக்குப் போக இடமில்லை என்றால் மற்ற இரண்டும் வராது. யாரும் சொல்லாமல் அதைக் கண்டுபிடித்தபோது அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே நின்றுவிட்டான்.

இலகு எண்ணெயைத் தண்ணீர் சேர்த்து வாயுவாக உடைக்க வழி இருக்கிறது என்று அவனே தேடிப் பிடித்தான். ஓடியது. பிறகு கனரக எண்ணெய் நிரம்பி மறுபடியும் நின்றது. அதையும் உடைத்தான். இப்போது மசகு எண்ணெய் (லூப்ரிகன்ட்) செய்யக் கனரக எண்ணெய் மிச்சமில்லை! டேங்கில் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்தால் மட்டும் உடைக்கிற மாதிரி பம்பையும் டேங்கையும் ஒயரால் இணைக்கும் இடத்துக்கு அவன் வந்து சேர்ந்தது இந்த வழியாகத்தான். ஒரு ப்ளூபிரிண்ட் இத்தனையையும் ஒரே க்ளிக்கில் வைத்துக் கொடுத்திருக்கும். அந்த பம்ப் அங்கே ஏன் இருக்கிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்காது.

இப்படி மோதிப் பார்க்க இந்த கேம் தாராளமாக இடம் கொடுக்கிறது. கட்டியதைப் பிரித்தால் வைத்த இயந்திரம் முழுசாகக் கைக்குத் திரும்பி வரும். பைப்பும் பெல்ட்டும் நிற்பதில் அதிர்ஷ்டத்துக்கு வேலையே கிடையாது. காரணம் திரையிலேயே எங்கோ இருக்கும், தேடினால் கிடைக்கும். பள்ளிக்கூடம், டியூஷன், நீட் கோச்சிங் என்று ஓடுகிற பிள்ளைகளுக்கு ஒரு தப்பான முயற்சி என்றால் மதிப்பெண் போச்சு என்று அர்த்தம். மார்க் குறையாமல் பத்து வழியைச் சோதித்துப் பார்க்கும் இடம் அவர்களுக்கு வேறு எங்கே இருக்கிறது? அதனால்தான் இதை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்பவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது.

புகை விஷயத்தையும் சொல்ல வேண்டும். தொழிற்சாலை கக்கும் மாசு வரைபடத்தில் சிவப்பாகப் பரவும். மரங்கள் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். அதையும் தாண்டி அந்தக் கிரகத்துப் பூச்சிகளின் கூட்டை எட்டினால் அந்தப் பூச்சிகள் படையெடுத்து வரும். தொழிற்சாலையைச் சுற்றி இருந்த காட்டில் கைவைக்காமல் அவன் சோலார் பேனல் போட ஆரம்பித்தான். மணலிப் பையனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எதையுமே தேடக் கூடாது என்று சொல்லவில்லை. எந்த பட்டனுக்கு என்ன வேலை என்பதைத் தாராளமாகத் தேடுங்கள். ஒரு சிக்கலை நீங்களே அவிழ்த்த பிறகு மற்றவர்கள் அதை எப்படி அவிழ்த்தார்கள் என்று பாருங்கள், அது தனி இன்பம். அதற்கு முன்னால் வேண்டாம்.

டெமோ இலவசமாகவே கிடைக்கிறது, சாதாரண லேப்டாப்பிலும் ஓடும். இந்தச் சனி, ஞாயிறு போட்டுப் பாருங்கள்.