ஆளில்லாத சதுக்கம் யாருக்கு வேண்டும்?

ஈரானிலுள்ள இஸ்பஹானின் நக்‌ஷ்-இ-ஜஹான் சதுக்கத்தைப் படமெடுப்பவர்கள் பெரும்பாலும் விடியற்காலையில், மனித நடமாட்டம் தொடங்கும் முன்பே போய்விடுகிறார்கள். நீலக் குவிமாடம், நீர்த்தடாகம், அவ்வளவுதான். எனக்கு எரிச்சலாக வருகிறது. கூட்டத்துக்காகவே கட்டிய இடம் அது.

1598-இல் தலைநகரை கஸ்வீனிலிருந்து இங்கே மாற்றிய பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், சுமார் 560 மீட்டர் நீளமும் 160 மீட்டர் அகலமும் கொண்ட வெளியை அமைத்தார். மேற்கே அலி காப்பு அரண்மனை, கிழக்கே ஷேக் லுத்ஃபுல்லா பள்ளிவாசல், தெற்கே ஷா பள்ளிவாசல், வடக்கே பஜாரின் நுழைவாயில். சுற்றிலும் வரிசையாகக் கடைகள். நடுத்திடலில் வியாபாரிகள் கூடாரம் போடுவார்கள். போலோ ஆட்டம் என்றால் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு ஒதுங்க வேண்டியதுதான். அந்த ஆட்டத்தின் கல் கம்பங்கள் இன்றும் இரு முனைகளிலும் நிற்கின்றன.

என்னை அசத்துவது பள்ளிவாசல்களின் திருப்பம். சதுக்கம் ஒரு திசையைப் பார்க்கிறது, மக்கா இன்னொரு திசையில். ஷா பள்ளிவாசலின் முகப்பு சதுக்கத்துக்கு நேராக நிற்க, பின்னால் கட்டடம் அப்படியே சாய்வாகத் திரும்பிவிடுகிறது. அதனால் குவிமாடம் வாசலுக்கு நேர்மேலே இல்லாமல் ஒருபக்கம் ஒதுங்கித் தெரியும். லுத்ஃபுல்லாவிலோ, மங்கலான வளைந்த நடைவழியில் நடக்கிறவருக்குத் திரும்பியதே தெரியாது. தொழுகைக்கூடத்துக்குள் நுழைந்ததும் கிப்லா, அதாவது தொழுகையில் நோக்க வேண்டிய மக்காவின் திசை, எதிரே இருக்கும். அரசனின் திட்டமும் வணங்குவோரின் தேவையும் மோதிய இடத்தில் இவ்வளவு நயமான சமரசத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இன்றுள்ள புல்வெளியும் தடாகமும் இருபதாம் நூற்றாண்டுச் சேர்க்கை. பழமைவாதிகள் முகம் சுளிக்கலாம். நான் சுளிக்க மாட்டேன். மாலையானால் குடும்பங்கள் அந்தப் புல்லில்தான் விரிப்பைப் போட்டு, பிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றுகின்றன. குதிரை வண்டிகள் சுற்றி வருகின்றன. கடைப்பக்கம் செம்புத் தட்டில் உளியை வைத்துத் தட்டும் ஓசை.

1979-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த சதுக்கம் இது. பின்னாளில் அருகே எழுந்த ஜஹான் நமா கோபுரம் சதுக்கத்தின் வானவிளிம்புக் காட்சியைக் கெடுக்கிறது என்று யுனெஸ்கோ எச்சரித்த பிறகு, அதன் மேல்தளங்களை இடித்து உயரத்தைக் குறைத்தார்கள். சரியான முடிவு. ஆனால் காப்பது வானவிளிம்போடு நின்றுவிடக் கூடாது. கைவேலைக்காரரின் கடையில் இயந்திரத்தில் அச்சடித்த நினைவுப்பொருள் வந்து உட்கார்ந்தால், அதற்கும் அதே கண்டிப்பு வேண்டும்.