அஞ்சடியில் அரையடியாவது விடுங்கள்

மழையைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை. ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள் மழை பெய்கிற சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்துவிட்டு மழையைத் திட்டினால் கேட்பவர் சிரிப்பார்கள். மழைக்கென்றே கட்டிவைத்த வழியில் மழையன்று நடக்க முடியவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அஞ்சடியைத்தான் சொல்கிறேன். லிட்டில் இந்தியா என்கிற நம்ம தேக்காவில், கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கிற கடைவீடுகளுக்கு முன்னால், மேல்மாடிக்கு அடியில் ஓடுகிற அந்த நடைவழி. இது கடைக்காரர்கள் இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்த இடம் இல்லை. 1822-இல், நவீன சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் நகரக் குழுவுக்கு எழுதிய உத்தரவிலேயே இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் தாழ்வாரம் வேண்டும், எந்நேரமும் அது திறந்திருக்க வேண்டும், தெருவின் இரண்டு பக்கமும் கூரைக்கு அடியிலேயே தொடர்ந்து நடந்து போகிற மாதிரி இருக்க வேண்டும். இங்கே வெயிலும் மழையும் எப்படி அடிக்கும் என்று தெரிந்து போட்ட விதி. இரண்டு நூற்றாண்டு கழித்து அந்தக் கூரைக்கு அடியில் யார் நனையாமல் இருக்கிறார்கள் தெரியுமா? வெங்காய மூட்டை. நைட்டி. பிளாஸ்டிக் மாலை. பொங்கல் பானை.

பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை. வடகிழக்குப் பருவமழை ஜனவரியில் எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2025-இல் ஜனவரி 10, 11 இரண்டே நாளில் சாங்கியில் 255 மில்லிமீட்டர் கொட்டித் தீர்த்ததே, அதுவும் பொங்கலுக்குச் சாமான் வாங்குகிற நேரத்தில்தான். அன்றைக்கும் விட்டு விட்டு அதே மாதிரி பெய்துகொண்டிருந்தது. எனக்கு இருந்த வேலைகள் ரொம்பச் சாதாரணமானவை. அரைக்கக் கொடுத்த மிளகாய்த்தூளை வாங்க வேண்டும், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், தையல்காரரிடம் ரவிக்கை வாங்க வேண்டும், போகிற போக்கில் கரும்பும் மஞ்சள் கொத்தும். எல்லாம் சிராங்கூன் ரோட்டிலும் அதை ஒட்டிய சந்துகளிலும்தான். வெயில் நாளில் காலாற நடந்து முடித்துவிடலாம்.

மழை நாளில் கதையே வேறு. வெயிலில் கடைச் சாமான் அஞ்சடியைத் தாண்டி வெளியே வரை பரப்பியிருக்கும். சரி, தொலையட்டும், நடுவில் ஓர் ஆள் நுழைய இடம் இருக்கும். நாலு தூறல் விழுந்ததும் வெளியே இருந்ததெல்லாம் உள்ளே வந்துவிடுகிறது. தக்காளிக் கூடை, வாழையிலைக் கட்டு, சல்வார் மாட்டிய பொம்மை, 'எதை எடுத்தாலும்' என்று எழுதிய மேசை, எல்லாம் கூரைக்கு அடியில் பத்திரம். மனிதர்கள் மட்டும் வெளியே. நடக்க வழி வேண்டியிருக்கிற ஒரே நாளில் வழி காணாமல் போகிறது. ஒரு கடை வாசலில் கரும்புக் கட்டைக் குறுக்கே படுக்கப் போட்டிருந்தார்கள். தோகை எதிர்ச்சுவர் வரை நீண்டு கிடந்தது. "அண்ணே, கொஞ்சம் நகர்த்தி வைங்கண்ணே, நடக்க முடியல" என்றேன். "மழைம்மா, வேற எங்க வைக்கிறது? தாண்டிப் போங்கம்மா" என்று பதில் வருகிறது. புடவை கட்டிக்கொண்டு கரும்பைத் தாண்ட வேண்டுமாம்!

அப்புறம் இந்தக் குடைக்காரர்கள். கூரைக்கு அடியில் எதற்கையா விரித்த குடை? யாராவது விளக்குங்கள், கேட்டுக்கொள்கிறேன். அதுவும் சின்னக் குடை இல்லை. வங்கியில் கணக்குத் திறந்ததற்கு இலவசமாகக் கிடைத்த பெரிய கோல்ஃப் குடை, அஞ்சடி அகலத்தை முழுசாக அடைக்கிறது. அதன் கம்பி நுனி சரியாக என் கண் உயரத்தில் வருகிறது. ஒதுங்கினால் சுவரில் தொங்குகிற நைட்டி முகத்தில் விழும். குனிந்தால் குடையின் தண்ணீர் பிடரியில் இறங்கும். மடக்கச் சொன்னால் ஏதோ சொத்தை எழுதிக் கேட்ட மாதிரி முறைக்கிறார்கள். மடக்குகிற புண்ணியவான்களோ உதறி மடக்குகிறார்கள், பக்கத்தில் நிற்பவர் மேலேயே.

தரையைப் பற்றித் தனியாகவே ஒரு புலம்பல் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வீட்டையும் ஒவ்வொருவர் ஒவ்வொரு காலத்தில் கட்டியதால் ஒரு கடை வாசல் ஒரு படி மேலே, அடுத்தது அரைப் படி கீழே. பழசு, அப்படித்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதுப்பிக்கிறோம் என்று பளபளவென்று டைல்ஸ் போட்டது யார்? மழைத் தண்ணீர் பட்டால் அதில் கால் நிற்காது. வழுக்குகிறது என்று கடைக்காரருக்கும் தெரிகிறது. அதனால் அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்து வைக்கிறார். முதல் பத்து நிமிடம் சரி. அப்புறம் அட்டை ஊறிக் கூழாகி, மிதித்தால் காலோடு சேர்ந்து நகர்கிறது. எனக்கு முன்னால் ஓர் ஆன்ட்டி சக்கரம் வைத்த மார்க்கெட் பையை இழுத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு படியிலும் நின்று பையைத் தூக்கி இறக்கி, ஈர அட்டை சக்கரத்தில் சுற்றிக்கொள்ள, அதைக் குனிந்து பிய்த்துப் போட்டு, மறுபடி இழுத்து... நான்கு கடை தாண்டியதும் வெறுத்துப்போய்ச் சாலையிலேயே இறங்கிவிட்டார். லாரி ஒன்று சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது. சக்கர நாற்காலியில் வருபவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இதில் ஞாயிற்றுக்கிழமை வரும் வெளிநாட்டு ஊழியர்களைக் குறை சொல்ல ஒரு கூட்டம் எப்போதும் தயாராக இருக்கிறது. "அவங்க கூட்டமா நிக்கிறாங்க, அதான் நடக்க முடியல" என்பார்கள். வாரம் முழுக்க வெயிலிலும் மழையிலும் வேலை பார்த்துவிட்டு ஒரு நாள் ஒதுங்கி நிற்பவன் நகரச் சொன்னால் நகர்கிறான். வெங்காய மூட்டை நகராது.

இதே ஊரில் இன்னொரு பக்கம் பாருங்கள். நான் இருக்கும் வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடுகள்) பேட்டையில் வீட்டிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம் வரை ஒரு சொட்டு மேலே படாமல் போய்விடலாம். 2013-இல் தொடங்கி ஐந்தாறு ஆண்டுகளில் 200 கிலோமீட்டர் கூரைநடைபாதை போட்டார்கள், எம்ஆர்டி நிலையத்திலிருந்து 400 மீட்டர் சுற்றளவுக்கு. அதில் யாரும் கத்திரிக்காய் அடுக்கி நான் பார்த்ததில்லை. புதுக்கூரைக்கு இருக்கிற மரியாதை 200 வருடம் முன்பே போட்ட திட்டத்துக்கு இல்லை.

பாரம்பரியமாம். லிட்டில் இந்தியாவை 1989-இல் பழமைப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவித்தார்கள். நல்ல காரியம், இல்லாவிட்டால் இந்நேரம் எல்லாம் கண்ணாடிக் கோபுரமாகியிருக்கும். சன்னல் கதவு, முகப்பில் உள்ள பூவேலை, கூரை ஓடு என்று எல்லாவற்றையும் காப்பாற்றியாயிற்று. ஆனால் அஞ்சடியைத் தூணோடும் வளைவோடும் காப்பாற்றிவிட்டு, அதில் நடப்பதை மட்டும் விட்டுவிட்டோம். சுற்றுலா வந்தவர்கள் நடுவில் நின்று படம் எடுக்க மட்டும் நன்றாக இருக்கிறது.

கடைக்காரருக்கு வாடகை எவ்வளவு என்று நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. பொங்கல் வியாபாரம் கொஞ்ச நாள்தான், அதிலும் பாதியை மழை கொண்டுபோகிறது. சண்டையும் புதிதல்ல. 1888 பிப்ரவரியில் நகராட்சி இந்த அஞ்சடிகளைக் காலி செய்யப் போய், கடைகளை அடைத்துக் கலவரமே நடந்திருக்கிறது. அப்போதிலிருந்து இழுபறிதான். ஆனால் இடம் கட்டட உரிமையாளருடையதாக இருந்தாலும் நடக்கிற உரிமை பொதுமக்களுடையது. எம்ஆர்டியில் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் போடத் தெரிந்த ஊரில், அஞ்சடியின் குறுக்கே கரும்பு படுத்துக் கிடப்பது மட்டும் யார் கண்ணுக்கும் தெரியாதா?

மிளகாய்த்தூளை ஒருவழியாக வாங்கினேன். அரைத்த சூடு ஆறாத இரண்டு கிலோ பொட்டலத்தைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு சந்து முனையிலும் கூரை முடிகிற இடத்தில் குடையை விரித்து, பத்து அடி போய் மடக்கி, மறுபடி விரித்து நடந்தேன். ஈரம் பட்டால் வருடத்துச் சாம்பாரும் போச்சு. தையல்காரரிடம் போய்ச் சேர்ந்தபோது பாதிப் புடவை நனைந்திருந்தது. ரவிக்கை தயாராகவில்லை. "மழைம்மா, ஆள் வரல" என்கிறார். மழையாம்! நான் வரவில்லையா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கடையையே மூடச் சொல்லவில்லை. தரையில் ஒரு மஞ்சள் கோடு போடுங்கள், கோட்டுக்கு அந்தப் பக்கம் உங்கள் சாமான், இந்தப் பக்கம் எங்கள் கால். ஈர அட்டைக்குப் பதிலாக ரப்பர் மிதியடி போடுங்கள். குடையை மடக்குங்கள். கரும்பை நிறுத்தி வைத்தாலும் விற்கும் அண்ணே, படுக்கப் போடாதீர்கள்.