லூபினுக்கு ஒரே ஒரு வரி

ஹாரி பாட்டரின் கடைசிப் புத்தகத்தை நேற்று மறுபடியும் படித்து முடித்தேன். ‘டெத்லி ஹாலோஸ்’ வந்தது 2007 ஜூலையில். இத்தனை வருடத்தில் ஆத்திரம் ஆறியிருக்கும் என்று நினைத்துத்தான் கையில் எடுத்தேன். எங்கே ஆறியது?

பிரிட்டிஷ் பதிப்பில் 607 பக்கம். அதில் எத்தனை பக்கம் அந்தக் கூடாரத்துக்குள்ளேயே கழிகிறது! குளிர், பசி, சண்டை. தீய மந்திரம் ஏறிய லாக்கெட்டை மாற்றி மாற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஹாரி, ரான், ஹெர்மயனி மூன்று பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். ரான் கோபித்துக்கொண்டு போகிறான், அப்புறம் வருகிறான். சரி, தலைமறைவு வாழ்க்கை அலுப்பாகத்தான் இருக்கும். அதற்காக நமக்குமா?

இவ்வளவு இடம் இருந்தும் ஹாரியின் பழைய ஆசிரியர் லூபினுக்கு இடமில்லை. ஊளையிடும் காற்றில் வந்து கதவைத் தட்டி, மகன் பிறந்திருக்கிறான் என்று கத்துவார். ஹாரியைக் கட்டிப்பிடித்து, நீதான் ஞானத்தந்தை என்பார். மூன்றாம் புத்தகத்திலிருந்து ஒட்டுப்போட்ட அங்கியோடு வந்துகொண்டிருந்த மனிதர் சிரித்துப் பார்த்ததே அங்கேதான். சில அத்தியாயம் தள்ளி, பெரிய கூடத்தில் மனைவி டோங்க்ஸ் பக்கத்தில் பிணமாகக் கிடக்கிறார், தூங்குகிற மாதிரி. ஒரே வரி! யார் கொன்றார்கள் என்பதுகூடப் பிறகு எழுத்தாளர் ரௌலிங்கின் பேட்டியில்தான் தெரிந்தது. எழுதத் தெரியாதவர் என்றால் விட்டுவிடலாம். தன்னைக் காப்பாற்றிச் செத்துப்போன குட்டி எல்ஃப் டாபிக்கு ஹாரி மந்திரம் போடாமல் மண்வெட்டியால் குழி வெட்டுகிற இடத்தில் நேற்றும் அழுதேனே!

அப்புறம் உச்சக்கட்டம். தலைமையாசிரியர் டம்பிள்டோர் கையிலிருந்து மந்திரக்கோலைத் தட்டிவிட்டவன் ஹாரியின் சக மாணவன் டிராகோ. டிராகோ கையிலிருந்து வேறொரு கோலைப் பிடுங்கியவன் ஹாரி. ஜெயித்தவனுக்கே கோல் சொந்தமாம்; அதனால் டம்பிள்டோரோடு கல்லறையில் கிடந்த அந்த எல்டர் கோல் தானாக ஹாரி பெயருக்கு மாறிவிட்டதாம். ஏழு புத்தகம் காத்திருந்த சண்டையில், வில்லன் வோல்டமார்ட்டைச் சுற்றி நடந்துகொண்டே நாயகன் மூலப்பத்திரம், பட்டா மாறுதல், வில்லங்கச் சான்று எல்லாம் வாசிக்கிறான். சார்பதிவாளர் ஒருத்தர்தான் பாக்கி.

பத்தொன்பது வருடம் கழித்து நடக்கிற அந்த ரயில் நிலையக் காட்சியை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. ஹாரியின் மகன் பெயர் ஆல்பஸ் செவரஸ்! ஆல்பஸ் டம்பிள்டோர் சரி, செவரஸ் ஸ்னேப்? ஹாரியின் வகுப்புத்தோழன் நெவில் மனதில் இருந்த மிகப் பெரிய பயமே அந்த ஆசிரியர் ஸ்னேப்தான். எதிரில் நிற்பவர் பயப்படுவதன் உருவமெடுக்கும் பாகார்ட் அந்த உருவத்தில்தானே வந்து நின்றது. வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை அப்படி வதைத்தவருக்குப் பெயர் சூட்டு விழா. ஹாரியைக் கைக்குழந்தையாகத் தூக்கி வந்த ஹாக்ரிட்டுக்கோ, வெள்ளிக்கிழமை டீக்கு அழைத்தார் என்று ஒரு ஓரத்தில் ஒரு வாக்கியம். ரானின் இரட்டை அண்ணன்களில் ஒருவன் செத்து, தனியாகிப்போன ஜார்ஜ் என்ன ஆனான்? அதற்கும் பதில் கிடையாது.

அக்கா மகள் இப்போது ஆறாவது புத்தகத்தை முடித்திருக்கிறாள். இன்று காலையில் ஓடிவந்து, “சித்தி, லூபினும் டோங்க்ஸும் கல்யாணம் பண்ணிப்பாங்களா?” என்றாள்.

பண்ணிப்பாங்க என்று மட்டும் சொன்னேன்.