அங்கிள் டுபெலோவின் முதல் ஆல்பத்தை அதன் பாட்டுகளுக்காகக் கேளுங்கள்

அங்கிள் டுபெலோ என்ற அமெரிக்க ராக் குழுவின் முதல் ஆல்பமான 'நோ டிப்ரஷன்' பற்றி யார் எழுதினாலும் முதல் வரியிலேயே 'ஆல்ட்-கன்ட்ரி' வந்துவிடுகிறது, அதாவது அமெரிக்கக் கிராமிய இசையான கன்ட்ரியை ராக்கோடு கலக்கும் பாணி. 1995-இல் தொடங்கிய ஒரு பத்திரிகை இந்தப் பெயரையே சூட்டிக்கொண்டது, குழு உடைந்த பிறகு சன் வோல்ட், வில்கோ என்ற இரண்டு குழுக்கள் பிறந்தன என்று அப்புறம் ஒரு பெரிய வம்சாவளி. எல்லாம் உண்மைதான். ஆனால் பின்னால் வந்த பெருமையைப் பேசிப் பேசியே உள்ளே இருக்கும் 13 பாட்டுகளை ஓரங்கட்டிவிட்டார்கள் என்பது என் ஆதங்கம்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு ஆற்றைத் தாண்டி இருக்கிற ஊர் பெல்வில். ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்த ஊர். அங்கிருந்த ஸ்டாக் பீர் ஆலையும் 1988-இல் மூடப்பட்டது. அந்த ஊர்ப் பையன்கள் மூன்று பேர், ஜே ஃபாரர், ஜெஃப் ட்வீடி, மைக் ஹைடோர்ன், 1990 ஜனவரியில் பாஸ்டன் போய்ப் பத்தே நாளில் பதிவு செய்தது இது. செலவு 3,500 டாலர். ராக்வில் என்ற சின்ன சுயாதீன நிறுவனம் ஜூனில் வெளியிட்டது.

முதல் பாட்டு 'கிரேவ்யார்ட் ஷிஃப்ட்' தலைதெறிக்க ஓடி, சட்டென்று நின்று, மறுபடி பாய்கிறது. ஆலையில் மெஷினை நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிற மாதிரி. இராத்திரி வேலையின் அலுப்பு வரிகளில் வருவதற்கு முன்பே தாளத்தில் வந்துவிடுகிறது.

என்னைக் கட்டிப்போட்டது 'விஸ்கி பாட்டில்'. சாதாரண கிடாரும், படுக்கைவாக்கில் வைத்து வாசிக்கிற பெடல் ஸ்டீல் கிடாரும் மெதுவாகப் போகும். பல்லவி வந்ததும் எலக்ட்ரிக் கிடார் இரைச்சலோடு இறங்கும். ஃபாரருக்கு அப்போது வயது 23. குரலைக் கேட்டால் நம்ப முடியாது. அந்தப் பாட்டில் வருகிறவன் இயேசுவை விட்டுவிட்டுப் பாட்டிலைப் பிடிக்கிறான், இப்போதைக்கு மட்டும் என்று சொல்லிக்கொண்டு. அதே ஆல்பத்தில்தான் கார்ட்டர் ஃபேமிலி என்ற அந்தக் காலத்துக் கன்ட்ரி குழு 1936-இல் பதிவு செய்த பழைய பக்திப் பாட்டும் இருக்கிறது. கஷ்ட காலத்திலிருந்து சொர்க்கத்துக்குப் போய்விடலாம் என்கிற பாட்டு. துளியும் நக்கல் இல்லாமல் பாடுகிறார்கள். அந்தக் கடவுள் நம்பிக்கையும் அந்த விஸ்கி பாட்டிலும் ஒரே வீட்டில் இருக்கும் என்று தெரிந்தவர்களால்தான் இரண்டையும் ஒன்றாக வைக்க முடியும். இந்த ஆல்பத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன். கன்ட்ரி இசையை இவர்கள் வேஷமாகப் போட்டுக்கொள்ளவில்லை.

'டிரெயின்' பாட்டைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. 21 வயதுப் பையன் ஒருவன் ரயில்வே கேட்டில் நின்று, இராணுவத் தளவாடங்களை ஏற்றிப் போகும் ரயிலைப் பார்க்கிறான். படிப்பை விட்டாயிற்று, உடம்பு திடமாக இருக்கிறது, போர் வந்தால் முதல் ஆளாகச் சாகப்போவது தான்தான் என்று நடுங்குகிறான். ஆல்பம் வந்து இரண்டு மாதத்தில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. அந்த நாட்களில் அமெரிக்காவில் இதைக் கேட்ட பையன்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

குறை இல்லாமல் இல்லை. 'ஃபிளாட்னஸ்', 'சோ கால்ட் ஃபிரெண்ட்' இரண்டும் வந்த சுவடு தெரியாமல் போகின்றன. இவர்களின் மூன்றாவது ஆல்பம்தான் நேர்த்தியானது என்று வாதாடுகிறவர்கள் உண்டு. நேர்த்தி சரி, இந்தக் கோபம் அதில் இல்லை. எனக்கு இதுதான் மேல்.

கேட்கப் போகிறவர்கள் 2014-இல் வந்த பதிப்பைத் தேடுங்கள். 1989-இல் இவர்கள் பதிவு செய்த டெமோ கேசட்டும் அதில் சேர்ந்திருக்கிறது. பாஸ்டன் ஸ்டுடியோவுக்குப் போவதற்கு முன்பே இந்தப் பாட்டுகள் எவ்வளவு தூரம் தயாராக இருந்தன என்பது அதில் நன்றாகவே தெரியும்.